வாஷிங்டன் அறுநூறு மைல்

— தலையை ஆட்டாதே வெண்டல். கத்தரி பட்டுச்சுன்னா, உன் தேர்தல் போஸ்டர்ல ஒரு காதுதான் இருக்கும்.

— போஸ்டரே இருக்காது ஆர்லோ. போட்டியிலேர்ந்து விலகப் போறேன்.

— என்னது?

— மனுவை வாபஸ் வாங்க இன்னிக்கு நாலு மணி வரைக்கும் டயம் இருக்கு. வாஷிங்டன் நாடாளுமன்றமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நம்ம ஊர் போதும்.

— நம்ம ஊர்னா... இந்த ஊரா?

— ஹாலோ பைன்தான். வேற எது?

— இரு, கத்தரியைக் கீழே வெச்சுடறேன். இல்லேன்னா நிஜமாவே உன் காது போயிடும்.

— அவ்வளவு சந்தோஷமா?

— ...அப்படின்னே வெச்சுக்கோயேன்.

— எட்டு வருஷமா மாநிலத் தலைநகர் லான்சிங்ல ஓட்டல் ரூம்ல படுத்து அலுத்துப்போச்சுடா. சட்டசபை போதும். பழையபடி ஊராட்சித் தலைவருக்கு நிக்கப் போறேன். விட்ட இடத்துலேர்ந்து தொடங்கணும்.

— எங்கே விட்டே?

— வீட்டு வாசல்ல நட்டிருக்கிற தபால் பெட்டிங்க. மேப்பிள் தெருவுல பதினேழு வீட்டுல உயரம் சரியில்லே. அளக்கற டேப்பு இன்னும் கார்லயேதான் கிடக்கு.

— வேண்டாம்டா!

— என்ன வேண்டாம்?

— அதாவது... சட்டசபையில உக்காந்த மனுஷன், வாசல் வாசலா குனிஞ்சு அளந்துக்கிட்டு... முதுகு என்னத்துக்கு ஆகும்?

— முதுகெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அது சரி, உன் கடை வாசல்ல சுத்துதே, சிவப்பு வெள்ளைச் சலூன் கம்பம்... இன்னும் அதே வேகம்தான். கார் ஓட்டறவன் கவனம் சிதறும்னு அப்பவே நோட்டீஸ் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?

— கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கேனே.

— அட! எங்கே?

— கக்கூஸ்ல.

— குறும்பு போகலே உனக்கு. மாவிஸ் சௌக்கியமா? கண்காட்சிப் போட்டியில அவ கேக்கு ஒரு அங்குலம் உயரம் ஜாஸ்தின்னு நான்தான் தள்ளிவிட்டேன், பாவம்.

— பதினஞ்சு வருஷம் ஆச்சு. உன் பேரைக் கேட்டா என் பொண்டாட்டி இன்னும் பூரிக்கட்டையைத் தேடறா.

— பாசம்!

— வெண்டல், நீ பெரிய ஆளுடா. ஊராட்சியில ரெண்டே வருஷம். உடனே மாவட்ட வடிகால் அதிகாரி தேர்தல்ல உன்னை நிறுத்தினோம். ஊர்ல ஒரு ஓட்டு வெளியே போகலே.

— அங்கேயும் நான் சும்மாவா இருந்தேன்? வயல் வயலா இறங்கி ஒவ்வொரு வாய்க்காலையும்...

— அதான் மாவட்டமே சேர்ந்து உன்னை லான்சிங்குக்கு ஏத்தி விட்டுச்சு.

— மக்களுக்கு என் மேல அவ்வளவு அன்பு.

— தொண்ணூறு மைல் தள்ளி இருந்தா அன்பு தானா வரும்.

— என்ன சொன்னே?

— பவுடர் போடட்டுமான்னு கேட்டேன். ஆமா, வாஷிங்டன் எவ்வளவு தூரம்?

— அறுநூறு மைல்.

— அப்பாடா! ...அப்பாடி, அவ்வளவு தூரமான்னு சொல்ல வந்தேன்.

— அதோட, கட்சி வேட்பாளர் யாருன்னு ஜனங்களே ஓட்டுப் போடற முதல் கட்டத் தேர்தல் ஆகஸ்ட்ல. எதிர்ல நம்ம கட்சியிலேயே ஒரு பல் டாக்டர். கஷ்டம்டா. போன தடவை நம்ம ஊர்லயே பாதிப் பேர் ஓட்டுப் போட வரலே.

— எப்படியும் நீ ஜெயிச்சு அங்கேயே இருப்பேன்னு நிம்மதியா தூங்கிட்டாங்க!

— தோத்துட்டு வர்றதுக்கு இப்பவே வந்துடலாம். திங்கட்கிழமை மேப்பிள் தெரு. செவ்வாய்க்கிழமை நாய்ச் சங்கிலி நீளம். அப்புறம், வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்துல ஊருக்கே மீன் வறுக்கறாங்களே, அந்த எண்ணெய்...

— மீன்ல கை வெச்சே, கொலை விழும்!

— சட்டம்னா சட்டம்தான். இரு, கட்சி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுடறேன்.

— கையை வெளியே எடுக்காதே! போன் போத்தின துணிக்குள்ளேயே இருக்கட்டும். ஊர்ல எத்தனை ஓட்டு? நானூத்திப் பன்னெண்டு. அத்தனையும் உனக்கு. நான் பொறுப்பு.

— நடக்க முடியாதவங்க?

— என் வேன்ல தூக்கிட்டு வர்றேன்.

— வாசலுக்கு வாசல் என் பேர் போட்ட தேர்தல் பலகை?

— இன்னிக்கே நடறேன்.

— மாவிஸ்?

— முதல் ஓட்டே அவளுதுதான். வெண்டல்... ஒண்ணாப் படிச்சவன்கிற உரிமையில நிஜத்தைச் சொல்லிடறேன். ஒவ்வொரு தடவையும் உன்னை மேலே தள்ளினது நாங்கதான். இந்தக் கடையிலதான் கூடிப் பேசினோம். நீ எவ்வளவு தூரம் போறியோ, ஊருக்கு அவ்வளவு நிம்மதி. வேணும்னா என்னை நாலு அறை அறை. ஆனா வாஷிங்டன் போயிடுடா!

— அறையறதா? மாவட்டத் தேர்தல்லேர்ந்தே எனக்குத் தெரியும் ஆர்லோ. நம்ம மாதிரி ஊர்லேர்ந்து ஒருத்தன் மேலே போக வேற என்ன வழி இருக்கு, சொல்லு? சரி, கழுத்துத் துணியை அவுரு. இதுக்கு மேலே முடியைக் குறைச்சுடாதே... நாலு மணிக்குள்ள இன்னும் மூணு ஊர்ச் சலூன்ல தலையைக் குடுத்தாகணும்.