அண்ணன் காலில் விரிந்த அரைவட்டம்

என் அண்ணனுக்குச் செருப்பு வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. பாதம் அப்படி அகலம். இந்த முறையும் இறுக்கமான ஒன்றை வாங்கிவந்து, "போகப்போகத் தளர்ந்துடும்" என்றார். செருப்பு தளரவில்லை, பெருவிரலோரம் புண் வந்தது. அவர் சர்க்கரைக்காரர் வேறு.

ஆஸ்பத்திரியில் களிம்பும் மாத்திரையும் கொடுத்து, தினமும் கட்டு மாற்றச் சொன்னார்கள். அண்ணி பஞ்சை எடுப்பதற்குள் அண்ணன் காலை என் பக்கம் நீட்டிவிட்டார்.

"வீட்டுலயே டாக்டர் இருக்கா. குட்டி பார்த்துக்குவா."

குட்டிக்கு வயது நாற்பத்தொன்று. நான் டாக்டர் பட்டம் வாங்கியது மின்வேதியியலில். எத்தனை முறை சொன்னாலும் அண்ணன் காதில் ஏறாது. இந்த முறை நானும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் செய்துகொண்டிருந்தது புண்ணின் கட்டுக்கு அடியில் வைக்கும் ஓர் உணரி, சென்சார். நகத்தளவு தங்கத் தகடு; அதன்மேல் கிருமியைப் பிடித்துவைக்கும் புரதப் பூச்சு. மெல்லிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி, அதற்கு எவ்வளவு தடை, அதாவது மின்மறுப்பு, என்று அளப்போம். கிருமி ஒட்ட ஒட்ட மறுப்பு கூடும். திரையில் அது அரைவட்டமாக விழும். கிருமி பெருகினால் விரியும். ஆய்வுக்கூடக் குப்பியில் அழகாகவே விரிந்தது. மனிதப் புண்ணில் விரிய வேண்டாமா? அனுமதி கேட்டு அனுப்பிய மனு கிணற்றில் போட்ட கல்.

"உன் காலைக் கொஞ்சம் இரவல் கொடுண்ணா" என்றேன்.

"எடுத்துக்கோ. திருப்பித் தரும்போது நகம் வெட்டிக் கொடு."

தகட்டை வைத்தேன். அரைவட்டம் தெரிந்தது. ஆனால் மருந்து வேலை செய்ததால் நாளுக்கு நாள் சுருங்கியது. சுருங்குவதைக் காட்டினால், பூச்சு உரிந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். விரிவதைக் காட்டினால்தான் வாயடைப்பார்கள். ஆகவே மாத்திரை டப்பாவில் அதே நிறத்துச் சத்து மாத்திரைகளைப் போட்டேன். களிம்புக்குப் பதில் வாசலின். சர்க்கரை முற்றியவர்களுக்குப் பாதத்தில் வலி தெரியாது. அது ஒரு சௌகரியம்.

"விரல் கறுத்துட்டு வருதே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்றார் அண்ணி.

"இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் அண்ணி."

"அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்?" என்று அண்ணன் அவரை அடக்கிவிட்டார்.

அந்த வாரம் அரைவட்டம் திரைக்குள் அடங்காமல், அளவுகோலையே மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு சுத்தமான வளைவை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

காய்ச்சலில் அண்ணன் பிதற்ற ஆரம்பித்ததும் அண்ணி என்னைக் கேட்காமலே வண்டி பிடித்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டில் கண் விழித்ததும் அண்ணன் என்னைத்தான் தேடினாராம்.

"உன் மெஷின் சரியாச் சொல்லிச்சா, குட்டி?"

"அச்சு அசலாச் சொல்லிச்சுண்ணா."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு, அழுதுகொண்டிருந்த அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?"

ஆமாம், மருந்தை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனம் நொந்துபோவார். அவர் நோகும்படி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.