வேரோடு வந்த புல்

புல்தரையில் பழுப்புத் திட்டு விழுந்தால் எல்லோரும் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடுவார்கள், டாக்டரம்மா. அது தப்பு. முதலில் திட்டின் ஓரத்தில் ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். பாய் மாதிரிச் சுருண்டு கையோடு வந்தால், அடியில் புழு வேரைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேர் நன்றாக இருக்கிறது, கோளாறு மேலே. பூஞ்சையாக இருக்கலாம், உரம் கூடிப்போய்க் கருகியிருக்கலாம். நாற்பத்தொரு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும். மூளைப் படம் சுத்தமாக இருக்கிறது, ரத்தத்தில் குறையில்லை, பிறகு ஏன் இந்த மனிதர் இன்று என்ன கிழமை என்று கேட்டால்கூட மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெளியே பெஞ்சில் இருக்கிறார். என் தோள் தெரிந்தால் போதும் அவருக்கு.

விளையாட்டு மைதானங்களில் புல்தரையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆட்டக்காரர்கள் 'புல் டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வருஷத்தில் பத்து மாதம் ஏதாவது ஓர் ஊரில் புல்லோடு இருப்பார். நான் வீட்டில் நான்கு கதவையும் தாழ் போட்டுவிட்டு, போட்டேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆளில்லாத வீடு என்றால் எனக்குப் பயம். ஒரே ஒரு தடவை அவரிடம் சொன்னேன். "வீடு என்ன உன்னைக் கடிக்கவா போகுது?" என்றார். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்து எங்கள் வீட்டுப் புல்தரை தெரியும். ஏழு மாதம் அங்கேயே இருந்தார். நீங்கள் என்ன நினைப்பீர்களோ, நான் கல்யாண வாழ்க்கை என்று வாழ்ந்தது அந்த ஏழு மாதம்தான். "ஏய், அந்த மூலையில தண்ணி தேங்குது பாரு." "பிளேடை ஏத்தி வெச்சு வெட்டு, புல்லுக்கு மொட்டை போடாதே." நாள் முழுக்க அதட்டல். அதட்டினால் என்ன, வீட்டில் ஒரு குரல் இருந்தது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வர ஆரம்பித்த வாரத்தில் ஃபோன் வந்தது. புது மைதானம், தூரத்து ஊர், மூன்று வருஷ வேலை. குனிய வேண்டாம், நிமிர வேண்டாம், வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்துச் சொன்னால் போதும். தங்குவதற்கு ஓர் அறை, ஒருவருக்கு மட்டும். அவர் சிரிப்பது சமையலறை வரை கேட்டது. "அவளா? அவளுக்கென்ன, வீட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பா. அடுத்த மாசமே வந்துடறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கை நடுங்கியது, அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் சாமான் கொட்டகைக்குப் போனேன். யூரியா மூட்டை இருந்தது. ஒரே இடத்தில் ஒரு பிடி கூடினால் புல் வெந்துபோகும் என்று அவர் எப்போதோ ஒரு வேலையாளைத் திட்டியது ஞாபகம் இருந்தது. வேலியோரமாக, தட்டு அகலத்துக்கு, மூன்று இடத்தில் கொட்டினேன். அவருடைய தூரப்பார்வைக் கண்ணாடியைத் தையல் மிஷின் டிராயரில் வைத்துவிட்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். உரத்தால் கருகிய திட்டுக்கு ஓரத்தில் கரும்பச்சையாக ஒரு வளையம் கட்டும். அதைப் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஐந்தாம் நாள் பழுப்பு அவர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது.

"போய் இழுத்துப் பாரு."

இழுத்தேன். வரவில்லை. திரும்பி வந்து, "பாய் மாதிரி வந்துடுச்சுங்க" என்றேன்.

"அப்போ புழுதான்."

புழுவுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து பிரிக்காமல் கொட்டகையில் வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு திட்டு.

"விடியக்காலையில ஈரத்தோட பார்த்தியா? வெள்ளையா ஏதாவது?"

"சிலந்தி வலை மாதிரிப் படிஞ்சிருக்கு."

அப்படியானால் பூஞ்சை என்றார். அதற்கும் ஒரு மருந்து வந்தது. மாடி வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன புல் டாக்டரே, உங்க தலைமாட்டுலேயே சொட்டை விழுது?" என்று கேலி செய்தார். இவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்தினார்.

"பூஞ்சைன்னா வேர் போகாதே. நீ வேரோட வந்துச்சுன்னு சொன்னியே."

"வரலைன்னுதானே சொன்னேன்."

"வந்துச்சுன்னு சொன்னே. பாய் மாதிரின்னே."

"இல்லீங்க. நான் வரலைன்னேன். நீங்கதான் புழு புழுன்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க."

இதைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் என்ற ஒன்றை அதுவரை நான் பார்த்ததே கிடையாது. அதைப் பார்த்ததும் என் கை நடுக்கம் நின்றுவிட்டது, டாக்டரம்மா. மாத்திரை போட்டது போல நின்றுவிட்டது.

மைதானத்திலிருந்து மறுபடி கூப்பிட்டபோது அவரே சொன்னார்: "வேற ஆளைப் பாருங்க தம்பி. என் வீட்டுப் புல்லே எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

அதோடு விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தேன், யூரியா மூட்டையின் வாயைக் கட்டிக்கூட வைத்துவிட்டேன். ஆனால் மறுநாள் அவராகத்தான் கேட்டார்: "இன்னிக்கு நான் நடந்தேனா?" நடக்கவில்லை. "காலையிலேயே ரெண்டு சுத்து நடந்துட்டீங்களே" என்றேன். "ஆமா, ஆமா" என்றார். தினமும் அப்படியே சொன்னதில் கால் சூம்பிப்போயிற்று. பிறகு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டார். பிறகு கிழமை. பிறகு, தன் தங்கை ஃபோன் செய்தாளா என்று. இரண்டு நாளைக்கு ஒரு தடவை செய்துகொண்டுதான் இருந்தாள். "இல்லையே, அவளுக்கு எங்க நேரம்" என்பேன். நான் குளிக்கப் போனால் கூடத்திலிருந்து குரல் வரும். "இருக்கியா?" "இருக்கேன்." மறுபடி, "இருக்கியா?" கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தையை அவர் என்னிடம் கேட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பக்கவாட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் நாற்காலி காலி. வாக்கர் வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தது. அவர் புல்தரையில் முழங்கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, வேலியோரம் வரைக்கும் போயிருந்தார். திட்டின் ஓரத்தில் இரண்டு கையாலும் புல்லைப் பற்றி இழுத்தார். வேர் அசையவில்லை. மறுபடி இழுத்தார். "வரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வரலை. வரவே இல்லை." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது முகம்.

எனக்கு அந்த ஒருவர் மட்டும் தங்கும் அறைதான் ஞாபகம் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களைப் பிரித்தேன். உள்ளே காய்ந்த புல் தாள் நாலைந்து இருந்தன, வேறொன்றுமில்லை.

"வந்துடுச்சுங்க. பாருங்க, வேரோட" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"ஆமா," என்றார். வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்துடுச்சு."

அன்றிலிருந்து என் கையை விடுவதில்லை. அவர் உடம்பு உதறிக்கொண்டே இருக்கிறது. அந்த உதறலுக்கு ஒரு மாத்திரை எழுதித் தருவீர்கள் என்றுதான் கூட்டி வந்தேன், வேறொன்றும் இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இப்போது வெளியே போய் அவரிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். யூரியாவைச் சொல்லுங்கள், கண்ணாடியைச் சொல்லுங்கள், தங்கையின் ஃபோனைச் சொல்லுங்கள். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்று என்னைத்தான் கேட்பார்.

நான் "இல்லை" என்றுதான் சொல்வேன். அவரைப் பயப்பட விட்டுவிட முடியுமா, சொல்லுங்கள்.