மெதுவான வண்டி முன்னால்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத்தின் துணைத் தலைவர் அவர்களே, பச்சை உடுப்பு இல்லாமல் நான் முதன்முறையாகப் பார்க்கிற மருத்துவமனைத் தோழர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நம் தலைவரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, நடைபாதைக்கு இடதுபுறம் அமர்ந்திருக்கும் பெரிய இன்ஜின் நண்பர்களே, வலதுபுறம் அமர்ந்திருக்கும் டர்போ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைக்குமா இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார வேண்டும்? யாரும் சொல்லி வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கால் தானாகப் போயிருக்கிறது. நம் தலைவர் இருந்திருந்தால் ஒரு நாற்காலியை நடைபாதையின் நட்ட நடுவில் இழுத்துப்போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இடைஞ்சலாக உட்கார்ந்திருப்பார்.

விவரம் தெரியாத மருத்துவமனைத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதோ இடதுபுறம் கையைக் கட்டிக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருப்பவர் பேக்கரி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வரிசையாக மலைச் சாலையில் ஏறி, உச்சியில் காபி குடித்துவிட்டு இறங்கி வருவதுதான் எங்கள் சங்கத்தின் மொத்த வேலை. எங்களுக்கு உயிரான காரில் முன்பெல்லாம் ஆறு சிலிண்டரில் ஒரு பெரிய இன்ஜின் இருந்தது. புது மாடலில் அதைத் தூக்கிவிட்டு, நாலு சிலிண்டரில் ஒரு சின்ன இன்ஜினை வைத்தார்கள். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறியைச் சுழலவிட்டு, அதைக்கொண்டு இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிப்பார்கள். அதுதான் டர்போ. இன்ஜின் சின்னது, பெட்ரோல் மிச்சம், வேகம் அதிகம். டர்போக்காரர்களான எங்கள் பக்கத்துக்கு அது போதும். அவர்கள் பக்கமோ, சத்தம் போச்சு, மிதித்த மாத்திரத்தில் பாய்கிற சுகம் போச்சு, இது காரே இல்லை, தையல் மிஷின் என்றது. அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. காபி பிளாஸ்க்கும் இரண்டானது.

நம் தலைவர், நாம் எல்லோரும் வாய் நிறைய 'ஆறு சிலிண்டர் டாக்டர்' என்று அழைத்த அந்த மயக்க மருந்து நிபுணர், எந்தப் பக்கம்? அந்தப் பக்கம்தான்! அரைகுறையாக அல்ல, முழுசாக. பனி மூடிய விடியலில் அவர் வண்டி கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் மட்டும் ஒவ்வொரு வளைவாக மேலே ஏறிக்கொண்டே போகும். கீழே நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எதிர்க்கட்சிக்காரனான நானும் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சத்தம் என்னை எங்கே வரைக்கும் துரத்தியது தெரியுமா? எனக்குப் பித்தப்பையில் கல். அறுவைக்கு மயக்கம் கொடுக்க வந்தவர் டாக்டர். ஊசியைப் போட்டார். அவர் குனிந்து என் காதோரம் சொன்னார்: "கண்ண மூடுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஜன்னல் கண்ணாடிய இறக்கியாச்சு. ரெண்டாவது கியர். மொத வளைவு வருது."

"எனக்கு ஏறலையே டாக்டர்" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்றார்.

மூன்றாவது வளைவு எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கனவு ஞாபகம் இருக்கிறது. ஈர மரங்களின் வாசனை, முகத்தில் பனி, சாலை தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியது என் வண்டிதான், என்னுடைய அதே சின்ன டர்போ. அதிலிருந்து வந்ததோ அவருடைய சத்தம்! கண் விழித்தும் விழிக்காமலும் இதை நான் அவரிடமே உளறிவிட்டேன். அவர் சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் சொன்னார். எங்கள் கட்சியின் மானம் அன்றைக்குக் கப்பலேறியது.

நோயாளி கண் திறக்கும்வரை அவர் கட்டிலை விட்டு நகரமாட்டார் என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். சாப்பாடு ஆறிப்போகும், வீட்டிலிருந்து போன் வரும், நகரமாட்டார். "தூங்க வைக்கிறது மருந்து. எழுப்புறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பாராம். இந்த நகரத்தில் எத்தனை பேர் கண் விழித்ததும் முதலில் பார்த்த முகம் அவருடைய முகம்! இந்தப் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாய்வு நாற்காலியில் அவர் தூங்கினார். அவரை எழுப்ப அப்படி ஒருவர் இல்லாமல் போனாரே!

நம் சங்கத்துக்கு இருப்பதே ஒரு விதிதான். மெதுவான வண்டி முன்னால் போக வேண்டும். யாரும் பின்தங்கக்கூடாது என்பதற்காக அவர் வைத்த விதி. டர்போ வந்ததும் அந்த விதிக்கே வினை வந்தது. உயரம் போகப் போகக் காற்று மெலிந்து பெரிய இன்ஜின்களின் பலம் குறைகிறது. எங்கள் சின்ன இன்ஜின்களுக்கோ விசிறி காற்றை ஊட்டிவிடுகிறது. அப்படியென்றால் இனி முன்னால் போக வேண்டியவர்கள் யார்? நேற்றுவரை ராஜாவாக இருந்தவர்கள். விடுவார்களா? மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் விடியலில் ஆரம்பித்த வாக்குவாதம் வெயில் ஏறியும் முடியவில்லை. ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

அப்போது ஒரு வண்டி மட்டும் மெல்ல ஊர்ந்து வரிசையின் தலைப்பக்கம் போய் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. "காத்து கம்மியானா யாருக்கும் மூச்சு வாங்கும்யா. தெனமும் பாக்குறேன். இதுல என்ன கௌரவம்? வாங்க."

அவ்வளவுதான். நாங்கள் பின்னாலேயே போனோம். அன்றுமுதல் வரிசையின் முன்னிடம் டாக்டருடையது.

ஒரு நாள் உச்சியில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் சாவியைக் கேட்டார். நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். மேகம் சாலையில் இறங்கியிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார். "மிதிச்சாச்சு, ஒண்ணும் வரலையே?" என்றார். பொறுங்கள் என்றேன். டர்போவில் அப்படி ஒரு கணம் உண்டு; விசிறி வேகம் பிடிக்கும்வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளியது போல வண்டி போனது. அவர் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊசி மாதிரியே இருக்குய்யா. ஏறல ஏறலன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஏறிடும். நடுவுல ஒரு எடம் இருக்கு பாரு, அதுதான் நல்லாருக்கு."

கட்சி மாறிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறே என் வண்டியைப் பார்த்து, தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டாச்சா என்று கேட்டார்.

அன்பர்களே, இந்த அரங்கம் எதற்காக இன்று பதிவு செய்யப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். சங்கத்தை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்துக்காக. முன்மொழிய வேண்டியவன் நான், வழிமொழிய வேண்டியவர் பேக்கரிக்காரர். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எதிர்த்துப் பேச வேண்டியவர் டாக்டர். மேடையில் இருக்கிற இந்தப் படம்தான் இப்போது அவருடைய பேச்சு.

காலையில் அண்ணியைப் பார்க்கப் போனேன். சமையலறை மேசையில் அவருடைய கார்ச் சாவி இருந்தது. இனி அந்த வண்டியை என்ன செய்வதாக உத்தேசம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிட்டு வரேன்" என்றார். அண்ணிக்கு அந்த மலைச் சாலை பழக்கமில்லை. மெதுவாகத்தான் வர முடியும் என்றும் அவரே சொன்னார். "அதனால என்ன? மெதுவா போற வண்டிதானே முன்னால போகணும்?"

அண்ணி, நீங்கள் முன்னால் போங்கள். பின்னால் நாங்கள் எல்லோரும் வருகிறோம், இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக. தீர்மானத்தை நான் திரும்பப் பெறுகிறேன். பேக்கரிக்காரர் தலையை ஆட்டுகிறார். துணைத் தலைவர் அவர்களே, பதிவு செய்துகொள்ளுங்கள், இது நாங்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம். அவர் வைத்த விதி இருக்கும்வரை இந்தச் சங்கம் இருக்கும். யாரையும் பின்னால் விட்டுவிட்டு மலையேற மாட்டோம். இது அவர் படத்தின் முன் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். செய்தி வந்த அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கடையைத் திறந்தேன், வந்தவர்களுக்குக் கண் பார்த்தேன். விசாரித்தவர்களுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன். எனக்கு என்ன கல் நெஞ்சா என்று நானே யோசித்தேன். இந்த மேடை ஏறும்போதுகூட அவர் படத்தைப் பார்த்து, எனக்கு ஏறலையே டாக்டர் என்றுதான் மனசுக்குள் சொன்னேன்.

மன்னியுங்கள். என்னால் இதற்குமேல் நிற்க முடியவில்லை. ஏறிவிட்டது.