கத்தாத பெட்டி

கீச்சுக் கீச்சென்று கத்துகிற சாமான் எதுவும் எனக்கு ஆகாது சார். கூண்டுக்கிளி ஆகாது, அலாரம் கடிகாரம் ஆகாது. கரண்ட் போனதும் யூபிஎஸ் பெட்டி ஒரு கத்து கத்தும் பாருங்கள், அதுவும் ஆகாது. என் கைக்கு ஒரு பெட்டி வந்தால் முதல் வேலை, உள்ளே கத்துகிற அந்தக் கறுப்பு வில்லையைக் கிள்ளி எடுத்துவிடுவேன். வாங்கிப் போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. ஆம்பூரில் பாதி ஆபீசில் என் பெட்டிதான் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறது.

என் பேர் கன்னியப்பன். படிப்பு கம்மி. ஷூ கம்பெனிகளில் கம்ப்யூட்டர் மாற்றும்போது பழைய யூபிஎஸ்களைக் குடோனில் தள்ளிவிடுவார்கள். அதைக் காயலான் சரக்காக எடுத்து வருவேன். திறந்தால் பாட்டரியெல்லாம் பலாக்காய் மாதிரி உப்பிக் கிடக்கும். பிடுங்கி எறிந்து, புதுசு போட்டு, பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். செத்தது எழுந்துவிட்டது. அப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போடுவேன். இந்த வயசிலும்தான். டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் யாரையும் நம்ப மாட்டேன். அது என் சுபாவம். பாட்டரிக் கடைக்காரன், "வரிசை பூரா புதுசா போடுங்க பெரியவரே, ஒண்ணு பழசா இருந்தா மத்ததையும் கவுத்துடும்" என்பான். வியாபாரி வேறு என்ன சொல்வான். புதுசு என்று அவன் கொடுப்பதையும் நம்ப மாட்டேன். சார்ஜ் அடி வரைக்கும் தீர ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று என் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன். என் தொழில் முறை அது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜியாவுதீன் பாய் என் தோஸ்த். ஷூ கம்பெனியில் அவன் எலக்ட்ரிக் மேஸ்திரி, நான் அவனுக்கு ஒயர் இழுத்தவன். அவன் ஒரு நாள் என்னைத் திட்டவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. பீடியும் தோல் தூசியும் சேர்ந்து அவன் நெஞ்சைத் தின்றுவிட்டன. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்தார்கள். சூட்கேஸ் மாதிரி இருக்கும், காற்றை இழுத்து மூக்குக் குழாயில் விடும். கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் சூட்கேஸ்தான். அவசரத்துக்கு என்று மூலையில் ஒரு இரும்பு சிலிண்டர், கழுத்தில் திறக்கிற சாவி தொங்கும்.

2008-ல் முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்தினார்களே, அப்போது பாயின் மகள் முபஷ்ஷிரா என்னிடம் வந்தது. "சாச்சா, அப்பாவுக்கு உங்க பொட்டி ஒண்ணு போட்டுக் குடுங்க." இருந்ததிலேயே பெரிய பெட்டியை, ஒரு கம்ப்யூட்டர் ரூம் பூராவுக்கும் ஓடினதை, பாய் படுத்திருக்கிற மாடிக்குத் தூக்கிப் போனேன்.

"இன்னாடா இது, ஜனாஸா பொட்டியா?" என்றான் பாய்.

"நீ போய்ச் சேந்தாலும் இது ஓடும் பாய்."

"நீ ஒயரிங் பண்ண வூட்ல காலிங் பெல்ல அமுக்குனா கக்கூஸ் லைட்டு எரியும். நீ என் மூச்சுக்கு ஒயர் இழுக்கறியா?"

"சாச்சா பாவம்பா" என்று முபஷ்ஷிரா சிரித்தது. நானும் சிரித்தேன். மூக்கில் குழாயோடு அவன் சிரித்தால் குழாயும் சேர்ந்து ஆடும்.

பெட்டி ஓடியது. ஆனால் முழுசாக ஓடவிட்டால்தானே. கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் அந்தப் பெண் பயந்துபோய் சிலிண்டரைத் திறந்துவிடும். பிறகு பெட்டி எப்படித் தன் திறமையைக் காட்டும். இதற்கு நடுவில் பாயின் மகன் தன்சீல் சென்னையிலிருந்து போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கம்பெனி இன்வெர்ட்டரே கொண்டுவருகிறேன் என்றான். பாய்க்குக் கொண்டாட்டம்.

"உன் பொட்டிய கோழிக்கூண்டு ஆக்கிடலாம்டா. ஒரு கட் முழுசா தாங்கட்டும், தன்சீலத் திருப்பி எடுத்துனு போகச் சொல்றேன். பாதியில நின்னுச்சு, நீ நடுத்தெருவுல நின்னு தோத்தேன்னு கத்தணும்."

கத்துவது எனக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பக்கத்து முறை. ஆம்பிளைகள் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். முபஷ்ஷிரா கீழே சமையல். "நான் பக்கத்துல உக்காந்திருக்கேம்மா, நீ வேலையப் பாரு" என்றேன். உட்கார்ந்தோம். ஊரே சாபம் விடுகிற கரண்ட் கட், எனக்கு வேண்டிய அன்று வரவில்லை. சர்க்காரை நம்பினால் இதுதான் கதி. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஈபிக்காரனே உன் பொட்டியப் பாத்துப் பயந்துட்டான்டா."

நான் கீழே இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் போர்டில் இருந்த ஃப்யூசைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு மேலே வந்தேன். கரண்ட் போனால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டி பிடித்துக்கொண்டது. மெஷின் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓடியது. "ஓடுதுடா திருட்டுப் பயலே" என்றான் பாய். நான் எழுந்து ஆடினேன். அவன் படுத்தபடியே கையால் தாளம் போட்டான். ரெண்டு கிழவன்கள், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

அப்புறம் மெஷின் நின்றது. பச்சை விளக்கும் போய்விட்டது. சத்தமே இல்லை. மெஷினுக்கும் தனியாக ஒரு சைரன் உண்டு சார், அதற்கென்று சின்னதாக ஒரு சதுர பாட்டரி. அதை முந்தின நாளே கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். சொன்னேனே, கத்துகிற சாமான் ஆகாது.

பாய் சிரித்துக்கொண்டே இருந்தான். மூச்சை இழுத்து இழுத்து, தோள் குலுங்க. கையைத் தூக்கி மூலையைக் காட்டினான்.

"அழுகுணி ஆட்டம் ஆடாத பாய்" என்றேன். போய் சிலிண்டர் சாவியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "இவ்ளோ நேரம் ஓடிச்சா இல்லையா? நல்ல பொட்டின்னு ஒரு வார்த்தை சொல்லு, திறக்கறேன்."

சொல்லவில்லை. வீம்பு பிடித்தவன். ஒரே ஒரு வார்த்தைதான் சார் கேட்டேன்.

கீழேயிருந்து முபஷ்ஷிரா கேட்டது. "சாச்சா, மெஷின் ஓடுதா?"

"ஜோரா ஓடுதும்மா."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிடி. பிறகு அவனே விட்டுவிட்டான். நான் கீழே போய் ஃப்யூசை மாட்டினேன். மேலே வந்து பட்டனை அழுத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது, மெஷின் ஓடியது, குழாயில் காற்றும் வந்தது. அவன்தான் வாங்கிக்கொள்ளவில்லை. சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே மாட்டிவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

வயசு, வியாதி என்றார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஜனாஸாவுக்குத் தோள்கூடக் கொடுத்தேன். அதோடு முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தன்சீல் என் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டான். "இந்தக் காயலான் பொட்டிதான் அப்பாவ சாகடிச்சிது" என்று நாலு பேர் கேட்கச் சொல்கிறான். ஆடு வந்து அதன் மேல் ஏறி நிற்கிறது. ஆபீஸ்காரர்கள் என் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறார்கள். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நானாகவே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஃப்யூசைப் பிடுங்கினது நான். சைரனை அடக்கினது நான். சாவி என் கையில் இருந்தது, நான்தான் திறக்கவில்லை. ஜியாவுதீன் பாயைக் கொன்றது நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெட்டி மேல் தப்பில்லை என்று தன்சீலிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும். அதைத் திறந்து பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்கிறீர்கள். எதற்கு சார் வீண் வேலை. உள்ளே பாட்டரி எல்லாம் புதுசு. ஒன்றே ஒன்றுதான் பழசு, அதுவும் நல்லாத்தான் இருந்தது.