தண்ணீர் குடித்து ஏறிய எடை

காட்பாடியில் புறப்பட்ட சாயங்கால பாசஞ்சரில் எனக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவன் ஈரத்துண்டால் வீங்கிய கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தான். மற்றவர் அவன் அக்காள் புருஷன், ஆம்பூர் மண்டியில் தோல் நிறுப்பவர் என்பது பேச்சு தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

"மாட்டுத் தோலையே எடை பார்த்துத் தனித்தனியா பிரிக்கிறீங்க மாமா. குத்துச்சண்டையில மட்டும் ஒரு எடைக்கு மேல எல்லாரையும் ஒரே குவியலா போட்டுட்டானுங்க."

"எனக்கு இன்னாடா தெரியும்? கீழ்ப் பிரிவுல ரயில்வே டீம்காரன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட நீ தாங்க மாட்டேன்னுதான் மேல ஏத்துனேன்."

"ஏத்துனீங்க. எடை பாக்குறதுக்கு முன்னாடி ஒரு கூஜா தண்ணி, ஒரு சீப்பு வாழைப்பழம்."

"ஈரத்தோல் எடை ஜாஸ்தி காட்டும்டா. தினம் பாக்குறேனே."

"தராசுல காட்டிச்சு மாமா. மேடையில எதிர்ல அந்த கோலார்க்காரன்ல வந்து நின்னான், எருமைக்கடா கணக்கா. வயித்துல ஒரே குத்து. குடிச்சதெல்லாம் வெளியே வந்துடுச்சு."

குடியாத்தம் வந்து, போனது. மாமா அவன் பக்கம் திரும்பினார்.

"அந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு மேல இன்னொரு பிரிவு வைக்கணும்னு குத்துச்சண்டை சங்கத்துக்கு எழுதிப் போடலாம்டா."

"போடுங்க. நியாயம்தான்." அவன் துண்டைத் திருப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டான். "அது வந்ததும் இன்னொரு கூஜா தண்ணி குடுத்து என்னை அதுல ஏத்திடாதீங்க."