வாசனை வர்ற வரைக்கும்

– கதவைச் சாத்தாதம்மா. ஜன்னலையும் திற. எனக்கே கண்ணு எரியுது.

– என்னக்கா, பிள்ளைக்கு மசாஜ் கத்துக்குடுத்த நீங்களே இப்படிச் சொல்றீங்க? போன வாரம் நீங்க காட்டுன மாதிரியேதான் தேய்ச்சேன். உள்ளங்கால், முதுகு, வயித்துல வட்டமா. உங்க கைக்கு அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டான். என் கைக்குத்தான் ராசியில்ல. நாலு நாளா ஒரே அழுகை.

– கையை விடு. எண்ணெயில லாவெண்டர் எத்தனை சொட்டு விட்ட?

– எண்ணலை. லேசா வாசனை வந்தா போதும்னீங்க. வரவேயில்ல. கடைக்காரன் தண்ணியக் கலந்துட்டான்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்.

– கொஞ்சமா? பாட்டிலே காலி.

– ம்.

– வெந்நீரும் துணியும் கொண்டா, முதல்ல துடைப்போம். முதுகு செவந்திருக்கு பாரு, டாக்டர்கிட்ட காட்டிடு. அப்படியே டயப்பரையும் மாத்து. இத்தனை லாவெண்டரையும் மீறி நாத்தம் வருது.

– அப்படியா? இப்பதானே பார்த்தேன். அரை மணிக்கு ஒரு தரம் பிரிச்சுப் பார்த்துடுவேன்.

– தூங்குறப்பவுமா?

– ஆமா. முழிச்சுக்கறான்தான். பிரிக்காம எனக்கு எப்படித் தெரியும்?

– ஜலதோஷமா உனக்கு?

– இல்லக்கா. இவன் வயித்துல ஏழு மாசமா இருக்கும்போது ஒரு காய்ச்சல். அதோட மூக்கு போச்சு, எந்த வாசனையும் தெரியறதில்ல. தானா திரும்பும்னு யார்கிட்டயும் சொல்லல. சனிக்கிழமை இவர் ஊர்லேர்ந்து வர்றார். அதுக்குள்ள பிள்ளை தூங்கிப் பழகலைன்னா நாத்தனார் வீட்டுல விடப் போறாராம். இது தெரிஞ்சா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுவாங்க. பயமா இருக்கு.

– தப்பு எம்மேல. அளவை மூக்குல சொல்லியிருக்கக் கூடாது. இனி வாசனையே வேணாம், வெறும் எண்ணெய் போதும். டயப்பரைப் பிரிக்காத, பின்பக்கம் ஓரத்தை விரலால இழுத்துப் பாரு. அவர்கிட்டயும் நீயே சொல்லிடு. துடைச்சாச்சுல்ல, இப்ப தேய். முதுகு வேணாம், காலை மட்டும். மெதுவா.

– கொட்டாவி விடறான்.

– நிறுத்தாத.

– தூங்கிட்டான்க்கா.

– உன் கைக்குத்தான் தூங்கியிருக்கான். நான் கிளம்பறேன்.

– ஒரு நிமிஷம். லாவெண்டர் சுத்தமா போயிடுச்சா?

– போயிடுச்சு. ஏன்?

– அப்ப குனிஞ்சு அவன் உச்சந்தலைய மோந்து பாருங்க. என் பிள்ளை எப்படி மணப்பான்னு எனக்குச் சொல்லிட்டுப் போங்க.