காலையில் மழைக்காடு, மாலையில் பாலைவனம்

கொதிக்கும் தேநீர்க் கலத்தின் முனகலையும் மீறி இந்த அவையை ஆளும் தலைவர் பெரில் அம்மையார் அவர்களே! ஆமையோடு ஆமையாய் ஆயுளைக் கழித்த பெரியோர்களே! பேரப்பிள்ளைக்கும் பின்னாத கம்பளிச் சட்டையை ஆமைக்குப் பின்னிவிட்டு, என்னைக் கண்டதும் பைக்குள் திணிக்கும் பாசமிகு தாய்மார்களே! லிங்கன்ஷயர் மழையில் நனைந்து இந்தத் தேவாலயக் கூடத்துக்கு வந்து சேர்ந்த ஆமை வளர்ப்போரே! நம் சங்கத்தின் சார்பில் வீடு வீடாகப் போய் ஆமைப் பெட்டிகளைப் பார்த்து, சொன்னதையே சொல்லித் தொண்டை வற்றிய நோராவாகிய நான் உங்களை வணங்குகிறேன்.

சன்னலோரத்து அம்மா, திறந்துவிட்டீர்களா? நல்லது, காற்று வரட்டும்.

எத்தனை முறை சொல்வது? எத்தனை கூட்டத்தில் சொல்வது? குஞ்சு ஆமையின் பெட்டியில் ஒரு மூலை சுட வேண்டும், மறு மூலை ஆறியிருக்க வேண்டும், அடிமண் ஈரமாக இருக்க வேண்டும். சூடு வேண்டுமென்றால் அது விளக்கடிக்குப் போகும். போதுமென்றால் விலகி வரும். அதற்கு இருக்கும் அறிவு நமக்கு இல்லையே, நான் என்ன செய்வேன்!

பின்வரிசையில் யாரோ கேட்கிறார், "ஈரமே ஆகாதுன்னாங்களே?" என்று. யார் சொன்னது ஐயா? உங்கள் வீட்டுச் சுவர் சொன்னதா? பூஞ்சைக்குப் பயந்தே வளர்ந்தவர்கள் நாம். சுவரில் சற்றே கறுத்தால் போதும், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டுத்தான் மறுவேலை. சுவருக்கு அது மருந்து. ஆமைக் குஞ்சுக்கு அதுவே நஞ்சு!

லெனர்ட், ஹிலரி தம்பதியரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒப்புதலோடுதான் சொல்கிறேன். முன்வரிசையில் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய குஞ்சு ஆமை பிக்கிள். வசந்தத்தில் என்னை அழைத்தபோது பிக்கிள் கண் திறக்கவில்லை. இலையைத் தொடவில்லை. வளரும் ஓடு மேடு மேடாகப் புடைத்திருந்தது. செத்துவிடும் என்றே நினைத்தேன்.

பெட்டியைப் பார்த்தேன். விளக்கு சரி, மண் சரி, கருவிகளும் சரி. பிறகு எங்கே கோளாறு? ஒன்றும் விளங்காமல் தேநீர்க் கோப்பையோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். லெனர்ட் வந்தார். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மேலே திருகினார், மண்ணில் தண்ணீர் தெளித்தார், என் காதோரம் குனிந்தார்.

"அவ சூட்டைக் குறைச்சு வச்சுடறா நோரா. பாவம், மறதி. நான் கேட்டுக்கறதில்ல. நீயும் சொல்லிடாதம்மா, மனசு நொந்துக்குவா."

அவர் தோட்டத்துக்குப் போனதும் ஹிலரி வந்தார். குமிழைக் கீழே திருகினார், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பெட்டியருகே இழுத்து ஓடவிட்டார், என் மறு காதோரம் குனிந்தார்.

"சூட்டுல கண்ணாடியெல்லாம் வேர்க்குது பாரு. கூரை எங்கேயோ ஒழுகுது. சொன்னா இந்த வயசுல ஏணி போட்டு ஏறிடுவாரு. அவர்கிட்ட மூச்சு விட்டுடாத."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! யார் வீட்டில் இது இல்லை? கணவன் ஏற்றிய சூட்டை மனைவி இறக்காத வீடு இந்த ஊரில் எது? வாய் திறந்தால் மரியாதை குறைந்துவிடும். குமிழைத் திருகினால் குடும்பம் ஓடும்! உங்களுக்கென்ன, சட்டைமேல் சட்டை போட்டுக்கொள்வீர்கள். பிக்கிள் என்ன செய்யும்? காலையில் மழைக்காடு, மாலையில் பாலைவனம்! உடம்பு குளிர்ந்தால் தின்றது செரிக்காது. காற்று வறண்டால் ஓடு புடைக்கும். குரைக்கத் தெரிந்த பிராணியா அது, ஊரைக் கூட்டி முறையிட?

எனக்கு வந்ததே கோபம்! கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு விரிசல் விட்டது. இருவரையும் கூப்பிட்டுப் பெட்டியின் இருபுறமும் நிறுத்தினேன்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க. சொல்லாம இங்கேருந்து நகரக்கூடாது!"

லெனர்ட் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நான் தண்ணி தெளிக்கிறேன், கண்ணு. டெய்லி."

"அது நீங்கதானா? கூரை ஒழுகுதுன்னுல்ல தவிச்சுப்போனேன்!"

"கூரையா? எங்க ஒழுகுது?"

"உக்காருங்க பேசாம!"

அன்றுதான் அந்தக் குமிழ் ஓரிடத்தில் நின்றது. இயந்திரம் மாடிக்குப் போனது. மருத்துவரும் பார்த்தார், வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிப்பாட்டினார்கள். பிக்கிள் கண் திறந்தது. இலையைக் கடித்தது. பிழைத்துக்கொண்டது!

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. புடைத்த ஓடு இனித் தணியாது. ஆமை நம்மையெல்லாம் வழியனுப்பிவிட்டும் வாழும் பிராணி. இந்த இருவரும் அன்பினால் சொல்லாமல் விழுங்கிய சொற்களை, இவர்கள் போன பிறகும் பிக்கிள் முதுகில் சுமந்துகொண்டு நடக்கும். நடக்கும், நடக்கும், அதற்கு இறக்கிவைக்க இடமே இல்லை!

சூடு பார்க்கக் கருவி உண்டு. ஈரம் பார்க்கக் கருவி உண்டு. பக்கத்தில் இருப்பவர் மனதைப் பார்க்க வாயைத் தவிர வேறு கருவி ஏது?

அட, இங்கே ஏன் இப்படிப் புழுங்குகிறது? சன்னலை யார் மூடியது? நீங்களா ஐயா? அந்த அம்மா திறந்தார், நீங்கள் மூடினீர்கள், அவர் மறுபடி திறந்தார், நீங்கள் மறுபடி மூடினீர்கள். நான் பேசி முடிப்பதற்குள் இத்தனை! இவ்வளவு நேரம் யாருக்காகக் கத்தினேன்?

பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி, இடம் தந்த தலைவருக்கு வணக்கம். என் பேச்சு முடிந்தது. சன்னலோரத்து இருவரே, இப்போது நீங்கள் தொடங்குங்கள்!